சாரல் பிரகடனம்

மேலச்சாரலில் மழை பெய்தால் மட்டும் மழை பெய்ததாக ஆகிவிடாது. நகரியக் குழு கூடி, பெய்தது சாரல்தான் என்று தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் ஆகும்வரை வானத்திலிருந்து எது விழுந்தாலும் அலுவலகக் கோப்பில் அதற்கு ‘உதிரி ஈரம்’ என்று பெயர்.

1994 அக்டோபரில் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது நாறும்பூநாதனுக்கு இந்த விவரம் தெரியாது. அவர் தச்சநல்லூர்க்காரர். தபாலாபீஸில் எழுத்தர். மனைவி வேணியோடும் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடும் அம்பாசமுத்திரத்தில் பஸ் மாறி, மலையடிவாரத்தில் வந்து இறங்கினார். அருவி உள்ள ஊர். வருடத்தில் மூன்று மாதம் கூட்டம் நெரியும். மற்ற ஒன்பது மாதம் குரங்குகளும் அரசு ஊழியர்களும் இருப்பார்கள்.

சிவசைலம் பிள்ளை வீட்டில் இரண்டு அறையும் ஒரு அடுக்களையும் வாடகைக்குக் கிடைத்தன. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் அருவி தெரிந்தது. வேணிக்கு அதிலேயே மனசு நிறைந்துவிட்டது. நாறும்பூநாதன் வாடகைப் பத்திரத்தை வரி விடாமல் படித்துக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றார்.

“அண்ணாச்சி, இது என்னது, பதினோராவது நிபந்தனை?”

“அது ஒண்ணுமில்லவே. இந்த ஊர்ல எல்லாப் பத்திரத்துலயும் உள்ளதுதான். சாரல் பிரகடனம் ஆச்சுன்னா அன்னைக்குப் பொழுதடையதுக்குள்ள வீட்டக் காலி பண்ணிரணும். சாரல் முடிஞ்சுதுன்னு பிரகடனம் ஆனதும் பைய வந்து சேந்துக்கிடலாம். இடையில வீடு பயணிகளுக்கு.”

“அந்த மூணு மாசமும் நாங்க எங்க போவோம்?”

“அது பத்திரத்துல கிடையாதுவே” என்றார் சிவசைலம்.

விசாரித்துப் பார்த்ததில் எல்லோரும் ஏதோ ஒரு வழி வைத்திருந்தார்கள். உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சாரல் காலத்தில் மனைவி மக்களைக் குலசேகரன்பட்டினத்தில் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பள்ளி ஆய்வுக்கூடத்தில் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக்கொள்வார். கால்நடை மருத்துவர் மாட்டுக்கொட்டகையின் சுத்தமான பாதியில் இருப்பார். யாரும் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் எறும்பு இடம் மாறுவது மாதிரி ஒரு சுபாவமாகவே அது அவர்களுக்கு ஆகிப்போயிருந்தது.

நாறும்பூநாதனும் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் வேணி உண்டாகியிருப்பது தெரிந்தது.

கல்யாணமாகி ஏழு வருடம். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. வேணிக்கு அம்மா கிடையாது. அப்பா பம்பாயில் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தார். அடுத்த வீட்டில் குடியிருந்த ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் கெசியாதான் எல்லாவற்றுக்கும் துணை. ஐம்பத்தைந்து வயது, சொந்த வீடு, சொந்த அபிப்பிராயங்கள். சொந்த வீட்டுக்காரர்களும் சாரல் காலத்தில் குடும்பத்தாரையும் பயணிகளையும் தவிர யாரையும் தங்க வைக்கக் கூடாது என்பது விதி.

“ஏட்டி வேணி, ஜூன் இருபதை ஒட்டி ஆகும். அதுவரைக்கும் குடத்தத் தூக்கக் கூடாது. பஸ்ல ஏறவே கூடாது. இந்த மலைரோட்டுல ஒரு தடவ குலுங்குனாப் போதும், பெறவு என்னைச் சொல்லாத” என்றாள்.

ஊரில் சாரல் வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில் பிரகடனமாகும் என்பதை நாறும்பூநாதன் அப்புறம்தான் கணக்குப் பார்த்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மே மாதம் சிவசைலத்திடம் போனார். சிவசைலம் கல்நெஞ்சக்காரர் இல்லை. காதில் கை வைத்து முழுக்கக் கேட்டார்.

“நான் ‘இரும்வே’ன்னுதான் சொல்லுதேன். ஆனா பிரகடனத்து அன்னைக்கு இந்த வீட்டுக்குள்ள பயணி அல்லாத ஒரு ஆள் இருந்தாலும் பயணிகளுக்கு வீடு விடுத லைசென்ஸ அஞ்சு வருசத்துக்குப் பிடுங்கிருவான். செயல் அலுவலரைப் போய்ப் பாரும். நல்ல மனுசர். யாரையும் இல்லைன்னு சொல்லி அனுப்ப மாட்டார். அனுப்பவே மாட்டார், இருத்திப் பேசிக்கிட்டே இருப்பார்.”

நகரியச் செயல் அலுவலர் கோபாலசுப்பிரமணியன் மேசைமேல் ஒரு கண்ணாடி மழைமானியில் பேனாக்களைச் செருகி வைத்திருந்தார். நாறும்பூநாதன் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

“பாருங்கோ, இந்த ஊர்ல ஜனங்க குடியிருக்கறதை நிர்வாகம் என்னிக்குமே ஆட்சேபிச்சதில்லை. சாரல் சமயத்துல குடியிருக்க வேண்டாம்னு மட்டும்தான் கேட்டுக்கறோம். ஏன்னா இது வர்றவாளுக்கான ஊர். ஏற்கனவே இருக்கறவர் எப்படி சார் வர முடியும்? இருக்கறவர் இருந்துண்டே இருந்தா வர்றவர் எங்க வருவார்? இந்தச் சிக்கலை நீங்க யோசிச்சுப் பார்க்கணும்.”

நாறும்பூநாதன் யோசித்துப் பார்த்தார். தலை சுற்றியது.

“ஒரு மனு எழுதிக் கொண்டாந்திருக்கேன் சார்.”

“சந்தோஷம். மனு கொடுக்கறது உங்க உரிமை. ஆனா இது ‘சாரல் பாதிப்பு மனு’. பாதிப்பு ஏற்பட்டப்புறம்தான் வாங்கலாம். நீங்க காலி பண்ணுங்கோ, உங்க சம்சாரத்துக்கு ஏதாவது ஆகட்டும், அன்னிக்கே நானே நேர்ல வாங்கிக்கறேன்.”

இதை அவர் மிகுந்த பரிவோடுதான் சொன்னார்.

மற்ற வாடகைக்காரர்கள் வழக்கம்போல மே கடைசியிலேயே மூட்டை கட்டினார்கள். நாறும்பூநாதன் மட்டும் கட்டவில்லை. ஜூன் இரண்டாம் தேதி விடிகாலையில் மலைக்கு மேலே கறுத்தது. எட்டு மணிக்கு மழை பிடித்தது. அப்படியொரு மழையை அந்த ஊர் பத்து வருடமாகப் பார்த்ததில்லை என்றார்கள். அருவி பாறையை மறைத்துக்கொண்டு விழுந்தது. வேணி அடுக்களை ஜன்னலைச் சாத்திவிட்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

மாலை நான்கு மணிக்குக் குழு கூடியது. சாரலைக் கண்டறியும் முறை துணை விதிகளில் தெளிவாக இருந்தது. உறுப்பினர் ஏழு பேரும் அலுவலக மொட்டை மாடியில் வரிசையாக நின்று, வலது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, ஐந்து நிமிடம் கையை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குடை கூடாது. ஐந்து முழங்கைகளாவது நனைய வேண்டும். தவிர, வீட்டு உரிமையாளரோ வியாபாரியோ அல்லாத வாடகைக் குடித்தனக்காரர் ஒருவர் பொதுஜன சாட்சியாக நின்று தன் முழங்கையும் நனைந்ததென்று கையெழுத்திட வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் ஏழு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். கிளார்க் நடராஜ் நோட்டைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு எழுதினான். எல்லோரும் இறங்கப் போகும்போது செயல் அலுவலர் தொண்டையைக் கனைத்தார்.

“நனைஞ்சது வாஸ்தவம். ஆனா இது சாரல்னு என்னால எழுத முடியலை.”

குழுவில் முகம்மது சுல்தான் என்று ஒரு வியாபாரி இருந்தார். அருவிக்கரையில் துண்டும் தேய்ப்பெண்ணெயும் விற்கிறவர். “சார், என் தாடியில இருந்து தண்ணி ஊத்துது. இது சாரல் இல்லையா?”

“விதியில ‘சாரல்’னு இருக்கு அண்ணாச்சி. பெய்யறது கனமழை. சாரலைவிட அதிகமாப் பெய்யறதை சாரல்னு எழுதினா நாளைக்கு ஆடிட்ல கேப்பான்.”

உண்மைக் காரணம் நடராஜ் வழியாகத் தபாலாபீஸுக்கு வந்து சேர்ந்தது. சாரல் விழாவைத் தொடங்கி வைக்க மந்திரி தேதி கொடுக்கவில்லை. மந்திரி வராமல் சாரல் தொடங்கினால், தொடங்கியதை யார் தொடங்கி வைப்பது?

மழை பன்னிரண்டு நாள் பெய்தது. தினமும் நான்கு மணிக்கு ஏழு பேரும் மாடியேறி நனைந்து இறங்கினார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. கோவில்பட்டியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வேன் வேனாக ஜனம் வந்தது. அருவிக்குப் போகும் வழியில் நகரியக் காவலாளி கயிறு கட்டி, விசில் ஊதி, எல்லோரையும் திருப்பி அனுப்பினார்.

“அருவி இன்னும் ஆரம்பிக்கல. போங்க, போங்க.”

தோளில் துண்டோடு நின்ற ஒருவர் கையை நீட்டிக் காட்டினார். “அப்போ அங்கன விழுதே, அது என்னது?”

“அது சும்மா விழுது” என்றார் காவலாளி.

ஊரே கடுகடுவென்று இருந்த அந்தப் பன்னிரண்டு நாளும் நாறும்பூநாதன் வீட்டில் மட்டும் சிரிப்புச் சத்தம் கேட்டது. வேணி மடித்து வைத்த துணியெல்லாம் மறுபடியும் கொடிக்கு வந்தது. இடி இடிக்கும்போதெல்லாம் அவள் புருஷனைப் பார்த்து, “நல்லாப் பெய்யட்டுங்க. இப்படிப் பெஞ்சா சாரல் வரவே வராது” என்பாள்.

பதினான்காம் தேதி மழை நின்றது. வெயில் அடித்தது. பதினைந்து, பதினாறு, இன்னும் அடித்தது. அருவி மெலிந்து நூலானது. பதினேழாம் தேதி மந்திரியின் தேதி வந்தது. பத்தொன்பது, பகல் பன்னிரண்டு மணி.

அதற்கப்புறம் அந்த அலுவலகத்தில் நடந்த வேலையை அதற்கு முன் நாற்பது வருடத்தில் யாரும் பார்த்ததில்லை. அருவிக்கு மேலே ஓடையில் மணல்மூட்டைகளை அடுக்கி, வருகிற கொஞ்சத் தண்ணீரையும் தேக்கினார்கள். மந்திரி கீழே வந்து நிற்கும்போது விசில் கொடுத்தால் மேலே மூட்டையைப் பிரிப்பதற்கு நான்கு ஆட்கள் போடப்பட்டார்கள். கம்பங்களில் தோரணம் ஏறியது. எல்லாம் ஆன பிறகு, பிரகடனம் இன்னும் ஆகவில்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது.

பதினெட்டாம் தேதி நாலு மணிக்குக் குழு மாடியேறியது. தரை செருப்பையும் மீறிச் சுட்டது. ஏழு கைகள் வெயிலில் நீண்டன. ஐந்து நிமிடம் முடியும்போது நான்கு பேர் ‘படுது, படுது’ என்றார்கள்.

“எனக்கும் ஈரமாத்தான் இருக்கு. ஆனா இது வேர்வைல்லா சார்” என்றார் முகம்மது சுல்தான்.

“ஈரம் இருக்கான்னுதான் விதி கேக்கறது. ஈரம் எங்கேர்ந்து வந்ததுன்னு கேக்க விதியில இடமில்லை. நடராஜ், அஞ்சுன்னு எழுது. பொதுஜன சாட்சி எங்கே?”

ஊரில் மிச்சமிருந்த ஒரே வாடகைக் குடித்தனக்காரர் தபாலாபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேர் போய் அழைத்து வந்தார்கள். அவரும் கையைச் சுருட்டி நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டால் அன்றே பொழுதடையுமுன் வேணியை எங்கே கொண்டுபோவது என்பது அவருக்குத் தெரியவில்லை. இந்த ஏழு பேரும் ஆளுக்கொரு கை நீட்டி நிற்கும்போது, தன் கை இவ்வளவு கனமானது எப்படி என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது. ஐந்து நிமிடமும் நின்றார்.

“ஒண்ணும் படல சார்” என்றார். “வெயில்தான் படுது.”

கோபாலசுப்பிரமணியன் கோபப்படவில்லை. “நாறும்பூநாதன், நீங்களும் அரசாங்க உத்தியோகஸ்தர். நான் முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல கண்ணால பார்த்ததை ஒரு நாளும் கோப்புல எழுதினதில்லை. எழுதினா கோப்புக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? வெயில் தெரியறது, எனக்கும் தெரியறது. ஆனா அது என் சொந்த அபிப்பிராயம். அதை நான் அலுவல்ல நுழைய விடறதில்லை.”

“எனக்கு நுழையுது சார்.”

அப்படியானால் சாட்சிக்குத் தொடு உணர்ச்சி குறைவாக இருக்கலாம் என்று ஒரு உறுப்பினர் எடுத்துக் கொடுத்தார். உடனே ஒரு கடிதம் எழுதி, நடராஜைத் துணைக்குப் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். கெசியா கடிதத்தைப் படித்துவிட்டு, ஊசியை எடுத்து நாறும்பூநாதன் முழங்கையில் ஒரு குத்துக் குத்தினாள். அவர் “யம்மா” என்றார்.

“உணர்ச்சி நல்லா இருக்குன்னு எழுதிக்கோ” என்றாள் நடராஜிடம். “உங்க ஆபீஸ்ல வேற யாருக்காச்சும் பாக்கணும்னா வரிசையா வரச்சொல்லு. ஊசி நெறைய இருக்கு.”

அன்று இரவு சிவசைலம் வந்து வாசலில் நின்று கெஞ்சினார். “ஒரு கையெழுத்துதானவே.” உள்ளேயிருந்து வேணிதான் சொன்னாள். “அண்ணாச்சி, இவங்க ஏழு வருசத்துல எனக்காக எதையும் யார்கிட்டயும் மாட்டேன்னு சொன்னதில்ல. இப்பதான் ஒண்ணு சொல்லியிருக்காங்க. அதக் கெடுத்துராதீங்க.” சிவசைலம் திரும்பிப் போய்விட்டார்.

பத்தொன்பதாம் தேதி காலை ஆறு மணிக்கு வேணிக்கு வலி கண்டது. கெசியா வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நாறும்பூநாதன் வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்தார்.

பத்து மணிக்கு அலுவலகத்து ஒலிபெருக்கி பேசியது. பொதுஜன சாட்சி இரண்டாம் முறை அழைக்கப்பட்டும் வராதபடியால், துணை விதி நாற்பத்திரண்டின்படி அவர் வந்ததாகவும் நனைந்ததாகவும் மகிழ்ந்ததாகவும் கொள்ளப்பட்டு, மேலச்சாரலில் இதனால் சாரல் தொடங்கிவிட்டது. வெயிலில் தோரணக் காகிதம் சாயம் வெளுத்துக்கொண்டிருந்தது.

பத்து நாற்பதுக்கு உள்ளே ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. கிணற்றடியில் நின்ற நாறும்பூநாதன் அப்படியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். கெசியா கதவைத் திறந்து, “பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீரு ஏன் தம்பி அழுதீரு, அங்க பிள்ளைக்குப் போட்டியா?” என்றாள்.

பதினொன்றரைக்கு வாசலில் காலடிச் சத்தம். கையில் காலி செய்யும் நோட்டீஸோடு நடராஜ், அவனுக்குப் பின்னால் சிவசைலம். அவர்களுக்கும் பின்னால், சட்டையெல்லாம் வேர்த்து, கையில் ஒரு பெரிய ரோஜா மாலையோடு செயல் அலுவலரே வந்துகொண்டிருந்தார். ஆனால் அவர் நோட்டீஸ் கொடுக்க வரவில்லை, இந்தத் தெருவில் யாராவது வந்து தங்கியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு போகிறார் என்று நடராஜ் மெல்லச் சொன்னான். பிரகடனத்துக்குப் பிறகு ஊருக்குள் நுழையும் முதல் பயணிக்கு மந்திரி மாலை போடுவது நிகழ்ச்சி நிரலில் முதல் இனம். பன்னிரண்டு நாளாக விசில் ஊதித் துரத்தியதில் பயணி என்று ஒருவரும் இல்லை. பத்தரை பஸ்ஸில் இறங்கியது ஒரு பால்காரரும் ஒரு கீரைக்காரியும் மட்டும்தான். இரண்டு பேருமே உள்ளூர்.

நாறும்பூநாதன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாளெல்லாம் வந்த தபாலையும் போன தபாலையும் பிரித்துப் பழகியவர். அந்தப் பழக்கம் இப்போது கை கொடுத்தது.

“சார், உங்களுக்குப் பத்து மணிக்குப் பெறவு ஊருக்குள்ள வந்த ஆள்தானே வேணும்? எங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்திருக்காங்க. பத்து நாப்பதுக்கு.”

“யாரு?”

அவர் உள்ளே கை காட்டினார். செயல் அலுவலரின் நெற்றியில் கோடுகள் கூடிக் கூடிக் கலைந்தன.

“இங்கயே பொறந்தது உள்ளூர் ஆயிடாதோ?”

“உள்ளூர்ன்னா வாக்காளர் பட்டியல்லயோ குடும்ப அட்டையிலயோ பேர் இருக்கணும்லா சார். இதுக்கு இன்னும் பேரே இல்ல. இதுக்கு முன்ன இந்த ஊர்ல ஒருநாளும் இருந்ததும் கிடையாது.”

“வந்திருக்கு” என்றார் செயல் அலுவலர், தனக்குத் தானே. “வாஸ்தவத்துல, வந்திருக்கு.” அவர் முகம் தெளிந்தது. “பயணியோட ரெண்டு துணையாள் தங்க விதி இருக்கு. பதினாறாவது. நடராஜ், அந்த நோட்டீஸை உள்ள வை.”

சிவசைலம் தன் வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றார். முதல் பயணி தங்கிய வீடு என்று இனி பலகை எழுதலாமா என்று அவர் கேட்டதை யாரும் கவனிக்கவில்லை.

மந்திரி பன்னிரண்டே காலுக்கு வந்தார். கார் அருவிக்குப் போகாமல் தெருவுக்குத் திரும்பியது. மேலே மணல்மூட்டைக்காரர்களுக்கு அது தெரியாது. கீழே பைலட் வண்டிக்காரர் கூட்டத்தை விலக்க ஊதிய விசிலைக் கேட்டு அவர்கள் மூட்டைகளைப் பிரித்துவிட்டார்கள். அருவி முழு வீச்சில் விழுந்தபோது அதைப் பார்த்தவர் காவலாளி ஒருவர்தான். மந்திரி அப்போது நாறும்பூநாதன் வீட்டு நடையில் ரோஜா மாலையோடு நின்றார். மாலை பிள்ளையைவிட மூன்று மடங்கு நீளம். கெசியா கதவை மறித்து நின்றாள்.

“யாரா இருந்தாலும் கைய சோப்புப் போட்டுக் கழுவாம உள்ள விடமாட்டேன். மாலைய நிலையில மாட்டுங்க.”

மந்திரி நிலைக்கு மாலை போட்டார். கைத்தட்டல் ஆனது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமிருந்து நம் மலையழகை நாடி வரும் பயணிகளின் எண்ணிக்கை தம் ஆட்சியில் பெருகிவருவதற்கு இந்தப் பயணியே சாட்சி என்றும், எவ்வளவோ இடர்களைத் தாண்டி இவர் வந்திருக்கிறார் என்றும் பேசினார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. பேசி முடித்து அருவிக்குப் போனபோது பாறையில் ஈரம் மட்டும் இருந்தது. ஈரத்தைத் தொடங்கி வைத்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் புறப்பட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு நடராஜ் பயணிகள் பதிவேட்டோடு நடையில் உட்கார்ந்தான். செயல் அலுவலர் பக்கத்தில் நின்றார். ஒரு கட்டமும் விடுபடக் கூடாது என்பது அவர் கட்டளை.

“பயணி பேரு?”

“இன்னும் வைக்கல” என்றார் நாறும்பூநாதன்.

“‘வேணியின் மகள்’னு போடு” என்றார் செயல் அலுவலர்.

“எங்கேருந்து வாராங்க?”

நடராஜ் கொஞ்சம் தயங்கி, ‘வெளியூர்’ என்று எழுதினான்.

“வந்த நோக்கம்? குளிக்க, காட்சி காண, கோயில், இந்த மூணுல ஒண்ணுதான் போடலாம்.”

“கண்ணே இன்னும் தெறக்கல. குளிக்கன்னு போடு” என்றாள் கெசியா உள்ளேயிருந்து. “இந்தா, வெந்நி வச்சாச்சு.”

நடராஜ் எழுதினான். கடைசிக் கட்டத்துக்கு வந்தான்.

“புறப்படும் தேதி?”

நாறும்பூநாதன் செயல் அலுவலரைப் பார்த்தார். செயல் அலுவலர் பதிவேட்டைப் பார்த்தார். உள்ளேயிருந்து வேணியின் குரல் வந்தது. களைத்த குரல்தான், ஆனால் தெருவரைக்கும் கேட்டது.

“அந்தக் கட்டத்த வெறுமனே விடச் சொல்லுங்க.”

“விடப்படாதேம்மா, விதி” என்றார் கோபாலசுப்பிரமணியன். முப்பத்தோரு வருட சர்வீஸில் முதல் தடவையாக அவர் சற்று நேரம் எந்த விதியையும் நினைக்காமல் நின்றார். உள்ளே பிள்ளை வீறிட்டது. அவர் குனிந்து நடராஜின் கையிலிருந்த பேனாவைத் தானே வாங்கி, அழகான கையெழுத்தில் எழுதினார்:

‘பின்னர் தெரிவிக்கப்படும்.’